துபாய்க் கோடையில் கேமராவை மூட்டை கட்டாதீங்க

நிழற்குடை:

மே மாசம் பிறந்ததும் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரே பல்லவிதான்: "இனிமே அக்டோபர்ல பார்ப்போம்." கேமரா பை அலமாரிக்குள்ள போயிடும். போன வாரம் ஒரு நண்பர் தன்னோட 35 எம்எம் லென்ஸை விற்கப்போறதாச் சொன்னார். ஏன்னு கேட்டா, நாலு மாசம் சும்மா கிடக்கப்போகுதாம். அதைக் கேட்ட பிறகு எழுதாம இருக்க முடியல.

என் கட்சி இதுதான்: துபாய்க்கே உரிய வெளிச்சம் கோடையிலதான் இருக்கு. டிசம்பர்ல இங்க எடுக்கிற மாதிரி படத்தை எத்தனையோ கடலோர ஊர்ல எடுக்கலாம். ஜூன் படத்துக்கு இங்கதான் நிக்கணும்.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், பொறுத்துக்கங்க. துபாய் இருக்கிறது வடக்கு அட்சரேகை 25.2 பாகையில. ஜூன் 21 அன்னிக்கு உச்சிப்பொழுது இங்க மதியம் 12.20 வாக்குல. அப்போ சூரியன் 88 பாகை உயரத்துல நிக்கும். 170 செ.மீ. உயரமான ஆளுக்கு நிழல் வெறும் 5 செ.மீ. அதே ஆள் டிசம்பர் 21 மதியம் அதே இடத்துல நின்னா நிழல் 190 செ.மீ.க்கு மேல, ஆளைவிட நீளம். ஒரே ஊர், ஒரே ஆள், ஆனா படம் எடுக்கிறவனுக்கு இது ரெண்டு வேற வேற ஊர்.

"மதிய வெயில்ல எடுக்காதே"ன்னு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறது முகத்துக்குச் சரி. கண்ணுக்குக் கீழ குழி விழும், மூக்கு நிழல் உதட்டு மேல விழும். சுவருக்கு அப்படி இல்ல. வெளிச்சம் நேர் மேல இருந்து சுவரை உரசிக்கிட்டே இறங்குது. அல் ஃபஹீதியில பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெச்சுக் கட்டின பழைய வீடுகள் இருக்கே, அந்தச் சுவர்ல ஒவ்வொரு பிசிறும் பள்ளமும் அந்த அரை மணி நேரத்துல எழுந்து நிக்கும். ஜனவரியில போய் அதே சுவரைப் பாருங்க, தட்டையா இருக்கும்.

இன்னொண்ணு. ஜூன்ல சூரியன் நேர் கிழக்குல உதிக்கிறதில்ல. நல்லா வடக்கே தள்ளி உதிச்சு, வடக்கே தள்ளியே மறையுது. அதனால வடக்கு பார்த்த சுவர்கள் நேரடி வெயிலைப் பார்க்கிறது மார்ச் கடைசிக்கும் செப்டம்பர் கடைசிக்கும் நடுவுலதான். பர் துபாய்ல க்ரீக்கை, அதாவது ஊருக்குள்ள நீண்டு வர்ற கடல் கழியைப் பார்த்து நிக்கிற கட்டடங்களை எல்லாம் குளிர்காலத்துல நிழல்லதான் எடுத்திருப்பீங்க. ஜூன்ல காலை ஆறு மணிக்கு ஒருதரம் போய் நின்னு பாருங்க.

மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க. பேசுவோம்.

கராமாவாசி:

அண்ணா, கணக்கெல்லாம் சரி. ஆனா 12.20க்கு அந்தச் சுவர் முன்னாடி நிக்கப்போறது ஒரு மனுஷன். ஜூலை, ஆகஸ்ட்ல இங்க 42 டிகிரி சாதாரணம். அது மேல கடல் ஈரம். வியர்வை ஆறாத ஈரத்துல உடம்பு சூட்டை வெளியேத்தவே முடியாது. ஒரு படத்துக்காக யாராவது மயங்கி விழுந்தா என்ன பண்றது?

குளிர்காலத்தை இவ்வளவு லேசாத் தள்ளிவிடுறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ராஸ் அல் கோர் சதுப்புநிலச் சரணாலயத்துல நூத்துக்கணக்குல பூநாரை இறங்குறது குளிர்காலத்துலதான். பார்வைக் குடில்ல கட்டணமே இல்லாம உக்காந்து எடுக்கலாம், பின்னாடி புர்ஜ் கலீஃபா. சேறு, அலையாத்தி, பறவை, 828 மீட்டர் கோபுரம் எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள்ள. இதை வேற எந்த ஊர்ல எடுப்பீங்க? டிசம்பர், ஜனவரி விடியல்ல மூடுபனி இறங்கி கட்டட உச்சிகள் மட்டும் மிதக்கிறதும் இங்கதானே.

எனக்கு ரெண்டு குழந்தைங்க. அவங்களோட வெளிய போற நேரம்தான் நான் படம் எடுக்கிற நேரம். அல் குத்ராவுக்கு நவம்பர்ல கூட்டிட்டுப் போனா மான், வாத்து எல்லாம் பார்ப்பாங்க, எனக்கும் படம் கிடைக்கும். ஜூலையில முடியுமா?

கிட்பேக்:

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் கேமராவைப் பத்தி மட்டும் பேசறேன், ஏன்னா கோடையில முதல்ல தோத்துப்போறது அதுதான்.

வீட்ல ஏசி 22 டிகிரி. வெளிய காத்துல இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில பட்ட உடனே லென்ஸ் மொத்தமும் பனி பிடிக்கும். துடைச்சா மறுபடி பிடிக்கும். துடைக்கிறதால பிரயோஜனமே இல்ல, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்தாத்தான் தெளியும், அதுக்கு அரை மணி நேரம் ஆகலாம். லென்ஸைக் கழட்டி மாத்துறது அந்த நேரத்துல கூடவே கூடாது, ஈரம் உள்ள சென்சார் வரைக்கும் போயிடும். செய்ய வேண்டியது சுலபம்: கிளம்புறதுக்கு முக்கால் மணி முன்னாடியே பையை ஜிப் மூடி பால்கனி நிழல்ல வெச்சிடுங்க. திரும்பி வரும்போது இந்தச் சிக்கல் குறைவு, ஏன்னா சூடான பொருள் மேல பனி பிடிக்காது.

நிறுத்தின கார்ல கேமராவை விட்டுட்டுப் போகாதீங்க. மூடின கார் உள்ள 60 டிகிரியைத் தாண்டும். பேட்டரிக்கு அது விஷம், லென்ஸ் உள்ள இருக்கிற கிரீஸுக்கும் ஆகாது.

டெலி லென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. மணல் சூடேறின பிறகு தூரத்துல இருக்கிற எதுவும் கூர்மையா வராது. கானல் ஆடும். 10,000 திர்ஹம் லென்ஸா இருந்தாலும் அதே கதிதான். தூரத்துப் பொருள் கூர்மையா வேணும்னா சூரியன் உதிச்ச முதல் அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க.

நிழற்குடை:

கிட்பேக் தம்பி, அந்தக் கானலை ஏன் எதிரியாப் பார்க்கணும்? ஷேக் ஸாயித் ரோடு மேல இருக்கிற மெட்ரோ நடைபாலத்துல (உள்ள ஏசி, கண்ணாடி வழியா எடுக்கலாம்) நின்னு 300 எம்எம்ல ரோட்டோட நீளவாக்குல பாருங்க. மதியம் ரெண்டு மணிக்கு லாரியெல்லாம் அடிப்பாகம் கரைஞ்சு தண்ணியில நீந்தி வர்ற மாதிரி வரும். தார் ரோடு வெள்ளியா மின்னும். கூர்மை இல்லாததுதான் அந்தப் படத்தோட உயிரே.

கராமாவாசி தங்கச்சி கேட்டது முக்கியமான கேள்வி. எட்டு மணி நேரம் வெயில்ல அலையச் சொல்லல. நான் போற விதத்தைச் சொல்றேன்.

ஜூன்ல சூரியன் 5.30க்கு உதிக்கும். அதுக்கு முன்னாடியே க்ரீக் ஓரம் போயிடணும். தேரா பக்கம் மரக்கலங்கள் வரிசையா நிக்கும். கச்சு மாண்டவியில இருந்தும் ஈரான்ல இருந்தும் வர்ற மாலுமிங்க விடியல்ல தளத்துலயே பல் விளக்கி, ரொட்டி சுட்டுக்கிட்டு இருப்பாங்க. ராத்திரி முழுக்க அவங்க தூங்கினதும் அங்கதான். பேச்சுக் கொடுத்தா சாயா வரும், அனுமதியும் வரும். ஏழரைக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

மதியம் போறதுன்னா கூரை இருக்கிற இடம்தான். பர் துபாய் துணிச் சந்தையில மேற்கூரை இடுக்கு வழியா வெளிச்சம் செங்குத்தா விழும், ஒவ்வொரு துண்டும் தரையில தனித்தனியா. யாராவது அதுல கால் வைக்கிற வரைக்கும் காத்திருந்தாப் போதும். அடுத்தது அப்ரா. ஒரே ஒரு திர்ஹம் கட்டணம். மேல கூரை, நாலு பக்கமும் திறந்த படகு. உச்சி வெயில் தண்ணியில பட்டுத் திரும்பி கீழ இருந்து முகத்துல அடிக்கும். கண் குழி, மூக்கு நிழல் எதுவும் இருக்காது. மதியத்துல முகம் எடுக்க இந்த ஊர்ல இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கல.

அல் ஃபஹீதி சந்துகளை விட்டுட முடியாது. இங்க சிக்கான்னு சொல்லுவாங்க. ஈரான்ல பஸ்தக் பக்கத்துல இருந்து வந்த வியாபாரிங்க 1890களுக்குப் பிறகு கட்டின குடியிருப்பு அது. சந்து குறுகலா இருக்கிறது நிழலுக்காகவும் க்ரீக் காத்தை உள்ள இழுக்கவும். மேல பர்ஜீல், அதாவது காத்துக்கோபுரம். எல்லாமே கோடைக்காகக் கட்டினது. கோடைக்காகக் கட்டின ஊரைக் குளிர்காலத்துல மட்டும் படம் எடுத்தா அதுல எதுவும் வேலை செய்யிறதைப் பார்க்க முடியாது. ஜூலையில ஒரு கிழவர் அந்தச் சந்துல சுவரை ஒட்டி, அந்த ஒரு முழ நிழலுக்குள்ளயே நடந்து போறதைப் பார்த்தாத்தான் அந்தச் சந்து ஏன் அந்த அகலத்துல இருக்குன்னு புரியும்.

பட்டுக்கோட்டையான்:

வணக்கம். நான் கேமரா வெச்சிருக்கிறவன் இல்ல, போன்லதான் எடுப்பேன். ஏசி மெக்கானிக். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்ல இருக்கேன். ரொம்ப நாளாப் படிக்கிறேன், இன்னிக்குத்தான் எழுதறேன்.

கோடையில படம் எடுக்கலாம்னு அண்ணன் சொல்றது சந்தோஷம். எங்களுக்குக் கோடை லீவு கிடையாது, கோடைதான் ஏசி ஆளுங்களுக்கு ஓ.டி. சீசனே. அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12.30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம். அந்த நேரத்துல சைட் ஆளுங்க மரத்தடி, பாலத்தடி, அட்டைப்பெட்டி விரிச்சுப் படுத்திருப்பாங்க. அதை எடுக்க கேமராக்காரங்க வருவாங்க. வாயைத் திறந்து தூங்குறவனை, செருப்பைத் தலைக்கு வெச்சிருக்கிறவனை எடுத்துட்டு, "உழைப்பின் வலி"ன்னு போடுவாங்க.

அந்தத் தூக்கம் எங்களுக்கு வலி இல்லண்ணே. நாள் முழுக்க எங்களுக்குன்னு இருக்கிற ஒரே நேரம் அது. அவன் வீட்ல அந்தப் படத்தைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? பெரும்பாலான ஆளுங்க இங்க என்ன வேலைன்னு வீட்ல முழுசாச் சொல்றதே இல்ல.

எடுக்கக்கூடாதுன்னு சொல்லல. மூணு மணிக்கு எழுந்து முகம் கழுவிட்டு ஹெல்மெட் போடறப்ப வாங்க. கேட்டு எடுங்க. எடுத்ததை வாட்ஸப்புல அனுப்புங்க. எங்க ரூம்ல ஒரு பையன் கிரேன் முன்னாடி நிக்கிற மாதிரி யாரோ எடுத்து அனுப்பின படத்தை அவங்க அம்மா பேராவூரணியில பிரிண்ட் போட்டு சாமி படத்துப் பக்கத்துல மாட்டியிருக்காங்க.

யாழ்தூவானம்:

பட்டுக்கோட்டைத் தம்பி எழுதினதை நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். இந்த இழையில எல்லாரும் அதை ஒருக்கா வாசிச்சிட்டுத்தான் மேல எழுத வேணும்.

மரியாதையை விட்டாலும் சட்டம் இருக்கு. புதுசா வந்த ஆக்களுக்காகச் சொல்லுறன். இங்க ஒருவரை அவரின்ரை சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் போட்டால், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், 44ஆவது பிரிவு: 6 மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது 1,50,000 தொடக்கம் 5,00,000 திர்ஹம் வரை தண்டம், அல்லது ரெண்டும். பெண்கள், குடும்பங்கள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். அரச கட்டடம், ராணுவ இடம், விமான நிலையம் எல்லாம் எடுக்கக் கூடாத இடங்கள். ட்ரோன் எண்டால் பதிவும் அனுமதியும் இல்லாமல் கிளப்பக் கூடாது.

சரி, முகம் எடுக்க ஏலாது எண்டால் இந்த ஊரில மனுசரை எப்பிடிக் காட்டுறது? எனக்கு வழி காட்டினது ஃபரா அல் காசிமி. 1991ஆம் ஆண்டு அபுதாபியில பிறந்த கலைஞர். அவவின்ரை உருவப்படங்களில கனபேருக்கு முகமே தெரியாது. புகைக்குப் பின்னால, திரைச்சீலைக்குப் பின்னால, பூப்போட்ட துணிக்குள்ள ஆள் மறைஞ்சு இருப்பினம். ஆனால் அந்த வீடு, அந்த நிறம், அந்த ஆளின்ரை கை எல்லாம் கதைக்கும். முகத்தை மறைக்கிறது அங்க குறையா இல்லை. அதுதான் படமே.

மற்றது லம்யா கர்காஷ். 2009இல வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில ஐக்கிய அரபு அமீரகம் முதல்முறை அரங்கு வைச்சபோது அவவின்ரை படங்கள்தான் முக்கியமா இருந்தது. எதை எடுத்தவ தெரியுமோ? இந்த நாட்டின்ரை ஒரு நட்சத்திர ஹோட்டல்களின்ரை உள்பக்கம். ஏழு நட்சத்திரம் எண்டு பேர் வாங்கின நாட்டில ஒண்டைத் தேடிப் போனா. ஒரு ஆள் கூட இல்லாத அறைகள், ஆனால் ஆக்கள் இருந்த மாதிரியே இருக்கும். கோடையில வெளிய போக ஏலாத ஆக்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உள்ளுக்கு இருந்து எடுக்கலாம். ஷார்ஜாவில நான் இருக்கிற கட்டடத்தின்ரை படிக்கட்டு, துணி காயப்போடுற மொட்டைமாடி, கீழ் பக்காலாவின்ரை (மளிகைக் கடை) குளிர்பெட்டிக் கதவு. எல்லாம் ஆகஸ்டில வேற வடிவு.

இதோட சேர்த்து ஒண்டு சொல்லுறன், நிழற்குடை அண்ணைக்கு இது பிடிக்கும். ஆகஸ்ட் இரவில ஏசி பஸ் தரிப்பிடங்களைப் பாருங்கோ. உள்ளுக்குக் குளிர், வெளியில நீராவி. அதால கண்ணாடியின்ரை வெளிப்பக்கம் முழுக்க ஈரம் பிடிச்சு வழியும். உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் நிறமும் உருவமும் மட்டும்தான். சிவப்புச் சேலை ஒண்டு, மஞ்சள் மேற்சட்டை ஒண்டு, பின்னால கடைப் பெயர்ப்பலகை வெளிச்சம். ஒருத்தரின்ரை முகமும் தெரியாது. சத்வாவில உணவகக் கண்ணாடிகளும் அப்பிடித்தான். இந்தக் கண்ணாடி ஜனவரியில கிடைக்காது.

நிழற்குடை:

அக்கா, நான் சுவரையும் நிழலையும் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன். ஈரக் கண்ணாடியை எல்லாரும் தொல்லைன்னு நினைக்கிறோம். அதுவே சம்மதப் பிரச்சினைக்கும் ஒரு வழி காட்டுது, படத்துக்கும் அழகு சேர்க்குது. இருந்தாலும் உள்ள இருக்கிறவங்க நம்மளைக் கவனிச்சா நிறுத்திடணும்கிறது என் கொள்கை.

பட்டுக்கோட்டை தம்பி, தூங்குறவங்களை எடுக்கிறதில்லன்னு இந்த இழையில இருக்கிற எல்லாரும் ஒத்துக்கணும்னு நானும் கேட்டுக்கறேன். நீங்க போன்ல எடுத்ததைப் போடுங்க. கட்டட உச்சியில ஏசி யூனிட் வரிசைக்கு நடுவுல நின்னு ஊரைப் பார்க்கிற இடம் உங்களுக்குத்தான் கிடைக்கும். எங்க யாருக்கும் அங்க ஏற அனுமதி இல்ல.

தேரா காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரை. எங்க வாப்பா எழுபதுகள்ல தேராவுக்கு வந்தாங்க, நான் எண்பதுகள்ல. இளைய பிள்ளைங்க பேசறதைப் படிக்க மனசுக்கு நிறைவா இருக்கு.

கோடை கோடைன்னு பயப்படுறீங்க. ஏசி பரவாத காலத்துல இந்த ஊர் சனம் மொட்டைமாடியில தண்ணி தெளிச்சுப் படுத்தாங்கன்னு வாப்பா சொல்லக் கேட்டிருக்கேன். படம் எடுத்தவங்களும் அந்தக் கோடையிலதான் எடுத்தாங்க.

ரமேஷ் சுக்லான்னு ஒருத்தர், பம்பாய்ல இருந்து 1965ல கையில ஒரு ரோலிகார்ட் கேமராவோட வந்தவர். இந்த மணல்லயே தங்கிட்டார். 1971 டிசம்பர் 2, இந்த நாடு பிறந்த அன்னிக்கு ஜுமைரா யூனியன் ஹவுஸ்ல கொடிக்கம்பத்தடியில ஆட்சியாளர்கள் நின்ன காட்சியை எடுத்தாரே, அந்தப் படம் பின்னாடி தேசிய தினச் சின்னமாவே ஆச்சு. இப்ப அந்த இடத்துலதான் எத்திஹாத் அருங்காட்சியகம். எனக்கு அந்தக் கொடிப் படத்தைவிட அவர் எடுத்த க்ரீக் படங்கள்தான் உயிர். மூட்டை தூக்குறவன், மீன் காய வெக்கிறவன், படகு செய்யுறவன். யாரும் கேட்டு எடுக்கச் சொன்னதில்ல, காசு கொடுத்ததில்ல.

அவருக்கு முந்தி நூர் அலி ராஷித். குவாதர்ல பிறந்து 1958ல துபாய்க்கு வந்தவர், பிறகு அரச குடும்பத்தோட புகைப்படக்காரர் ஆனார். 2010ல மவுத்தானார். ஒரு நாடு கண் முன்னாடி எழும்பினதை ஒரே மனுஷன் அம்பது வருஷம் படமாச் சேர்த்து வெச்சிருக்கார். வில்ஃப்ரெட் தெசிஜர் இருக்காரே, 1946லயும் 47லயும் ரெண்டு தரம் ஒட்டகத்துல ருப் அல் காலி பாலைவனத்தைக் கடந்தவர், அவர் மணல் போகாம இருக்க லைக்கா கேமராவை ஆட்டுத்தோல் பையில போட்டுக்கிட்டுப் போனாராம். கிட்பேக் தம்பி குறிச்சுக்கங்க.

நான் சொல்ல வந்தது வேற. இவங்க எல்லாரும் படம் எடுத்த துபாய் இப்ப இல்ல. நீங்க இன்னிக்கு எடுக்கிற துபாயும் இருக்காது. பர் துபாய் கோவில் சந்து தெரியுமா? க்ரீக் ஓரம் மல்லிப்பூச் சரம், தேங்காய், சாமி படம் விக்கிற கடைங்க. 2024 தொடக்கத்துல பழைய கோவில் ஜெபல் அலிக்குப் போயிடுச்சு. எனக்கு அது வேற மார்க்கம், ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சந்துல வர்ற பூ வாசம் எங்க ஊர் ஞாபகம். அந்தக் கூட்டத்தை, அந்த ஜூலை வியர்வையோட, யாரு எடுத்து வெச்சிருக்கா? குளிர்காலம் வரட்டும்னு காத்திருந்தவங்ககிட்ட அது இருக்காது. பர்ஜீல் வீடுகளே 1989ல ரெய்னர் ஓட்டர்னு ஒரு பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் போராடினதாலதான் இடிபடாம மிஞ்சிச்சு.

புதுசா வந்தவன்:

காக்கா, படிக்கும்போதே போகணும்போல இருக்கு. நான் மார்ச்லதான் சென்னையில இருந்து வந்தேன். ஒரு சந்தேகம். சென்னையிலயும் வெயில்தானே? அங்க எடுக்கிற மாதிரியே இங்கயும் எடுத்தா ஆகாதா? என் படமெல்லாம் வெளிறிப்போய், பால் ஊத்தின மாதிரி வருது. வானம் நீலமாவே இல்ல.

கிட்பேக்:

சென்னை வெயில்ல மேகம் உண்டு, மரம் உண்டு. இங்க ஜூன், ஜூலையில வடமேற்குல இருந்து ஷமால் காத்து அடிக்கும். தூசி நாள் கணக்குல அந்தரத்துல நிக்கும். அது போக கடல் நீராவி. ரெண்டும் சேர்ந்து வானத்தை வெள்ளையாக்கிடும். போலரைசர் ஃபில்டர் போட்டாலும் பெருசா மாறாது, ஏன்னா நீலம் அங்க இல்லவே இல்ல.

அதனால வானத்தை ஃபிரேம்ல இருந்து வெட்டிடுங்க. இல்லேன்னா அந்த வெள்ளையையே காகிதமா நினைச்சு, இருட்டான உருவம் ஒண்ணை மட்டும் அதுமேல வைங்க: கிரேன், பனைமரம், மினாரா. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டினாத்தான் அந்த வெள்ளை வெள்ளையா வரும், மீட்டர் சொல்றதை நம்பினா சாம்பலாயிடும். தூசி நாள் சாயங்காலம் சூரியன் மங்கித் தட்டு மாதிரி தொங்கும்.

கராமாவாசி:

எல்லாரும் சேர்ந்து என்னைக் கொஞ்சம் அசைச்சிட்டீங்க. உடம்பு விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். ஆனா யோசிச்சுப் பார்த்தா கோடைக்குன்னே இருக்கிற ரெண்டு விஷயத்தை நான் ஒவ்வொரு வருஷமும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஒண்ணு பேரீச்சை. ரோட்டோரப் பனையில எல்லாம் ஜூன்ல பச்சைக் காய் குலை குலையாத் தொங்கும். அப்புறம் மஞ்சளாகும், சில வகை சிவப்பாகும். அதுக்குப் பிறகு ஒரு பக்கமா மென்மையாகிப் பழுப்பு ஏறும், அதுதான் ருதப். பறவை கொத்தாம இருக்க வலைப்பை கட்டி விட்டிருப்பாங்க. வெயில் அந்த வலை வழியா விழும்போது ஒவ்வொரு காயும் உள்ள இருந்து எரியிற மாதிரி இருக்கும். பார்க்கிங்ல இருந்து கடைக்கு நடக்கிற அஞ்சு நிமிஷத்துல மேக்ரோ லென்ஸ் வெச்சு எடுத்துடலாம். லிவாவுல ஜூலை மாசம் பேரீச்சைத் திருவிழாவே நடக்குது.

ரெண்டாவது ராத்திரி. பால்வீதியோட நடுப்பகுதி தெரியிறது கோடையிலதான், நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அது சூரியனோடவே மறைஞ்சிடும். ஜூன், ஜூலை நடுராத்திரி வாக்குல தெற்கே 36 பாகை உயரம் வரைக்கும் ஏறும். அமாவாசை ஒட்டி அல் குவா போவோம். அல் ஐனுக்குத் தெற்கே, துபாய்ல இருந்து ரெண்டு மணி நேரப் பக்கம். ஊர் வெளிச்சம் இல்லாத இடம். தூசி இல்லாத ராத்திரியாப் பார்த்துப் போகணும், அது நம்ம கையில இல்ல. முன்னாடி ஒரு காஃப் மரம் கிடைச்சா வேற எதுவும் வேண்டாம். நம்ம ஊர் வன்னி மரம்தான் அது, இங்க தேசிய மரம். தண்ணியே இல்லாத மணல்ல வேரை ஆழமா இறக்கி, கோடையிலயும் பச்சையா நிக்கும். தனியாப் போகாதீங்க, மணல்ல கார் சிக்கினா ராத்திரியிலயும் ஆபத்துதான்.

ஆனா பகல் வெயில்ல போறவங்களுக்கு: ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, உப்புக்கு லபன் (மோர்) இல்லேன்னா ஓஆர்எஸ், தொப்பி, கழுத்து மறைக்கிற பருத்தித்துணி. தலைவலி, குமட்டல் வந்தா உடனே ஏசிக்குள்ள போங்க. வியர்வை நின்னு பேச்சு குழறினா 998 (ஆம்புலன்ஸ்) கூப்பிடணும்.

தேரா காக்கா:

மாஷா அல்லாஹ், நல்லாச் சொன்னீங்கம்மா. இன்னொண்ணு சேர்த்துக்கங்க. ஆகஸ்ட் 24 வாக்குல விடியக்காலை தெற்கு அடிவானத்துல சுஹைல் எழும்பும். நம்ம பக்கம் அகத்திய நட்சத்திரம்னு சொல்றது. அரபிங்க அதைப் பார்த்துத்தான் கோடை முதுகு முறிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. வெயில் அன்னிக்கே குறையாது, ஆனா ராத்திரிக் காத்து மாற ஆரம்பிக்கும். க்ரீக்ல பழைய மாலுமிங்ககிட்டக் கேளுங்க, கை நீட்டிக் காட்டுவாங்க.

பட்டுக்கோட்டையான்:

அண்ணன் கேட்டதுக்காக ரெண்டு படம் போட்டிருக்கேன். முதல் படம் பிசினஸ் பே, நாப்பது மாடிக் கட்டடத்து மேல. காலை ஆறு மணி. கீழ இருக்கிற கட்டட நிழலெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கும். ரெண்டாவது என் ரூம்மேட் கை. ஏசி பைப் மேல பிடிச்ச பனியை வழிச்சு முகத்துல தேய்க்கிறான். முகம் வேண்டாம்னு சொன்னான், அதனால கை மட்டும்.

யாழ்தூவானம்:

தம்பி, அந்த ரெண்டாவது படம்! பைப்பின்ரை வெள்ளை, கையின்ரை கறுப்பு, பின்னால எரியிற வானம். ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித்தராமலே அதைக் கண்டிருக்கிறியள். அல்கூஸ் அல்சர்கால் அவென்யூவில கல்ஃப் போட்டோ ப்ளஸ் எண்டு ஒரு இடம் இருக்கு. புகைப்படக் கண்காட்சி வைப்பினம், பிரிண்டும் போடலாம். ஒரு லீவு நாள் நான் கூட்டிக்கொண்டு போறன். இதைப் பெரிசா ஒரு பிரிண்ட் போட்டு அந்த ரூம்மேட்டுக்குக் குடுக்க வேணும். செலவு என்ரை.

நிழற்குடை:

அந்தப் படத்தைத்தான் நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

சரி, பேசினது போதும், நடப்போம். வர்ற ஞாயித்துக்கிழமை காலை 5 மணிக்கு தேரா பழைய சூக் அப்ரா நிலையம். மரக்கலம் பக்கம் ஏழு வரைக்கும், அப்புறம் அப்ரா ஏறி பர் துபாய், வடக்கு பார்த்த சுவர்கள், எட்டரைக்குச் சந்துகள்ல முடிச்சு எங்கயாவது ஏசி இருக்கிற கஃபட்டேரியாவுல கரக் சாயா. மதிய நடை விருப்பம் உள்ளவங்களுக்கு மட்டும், அதுவும் துணிச் சந்தைக் கூரைக்குள்ள மட்டும், அரை மணி நேரம். ஆளுக்கு ஒரு லென்ஸ் போதும். போன் மட்டும் இருந்தாலும் சரி.

புதுசா வந்தவன்:

நான் வர்றேன் அண்ணா. அல் நஹ்தாவுல இருந்து அந்த நேரத்துக்கு மெட்ரோ இருக்குமா?

கிட்பேக்:

ஞாயிறு மெட்ரோ லேட். என் கார்ல ரெண்டு இடம் இருக்கு, 4.30க்கு ஸ்டேடியம் ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க. பையை ராத்திரியே பால்கனியில வெச்சிடுங்க.

பட்டுக்கோட்டையான்:

எனக்கு ஞாயிறு டூட்டி இல்ல. நானும் வர்றேன்.

தேரா காக்கா:

வாங்க தம்பி. காலைப் பசியாற எல்லாருக்கும் என் கணக்கு. மரக்கலத்துல எனக்குத் தெரிஞ்ச மாண்டவி ஆளு ஒருத்தர் இருக்கார், முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன்.

கராமாவாசி:

குழந்தைங்களை அப்பாகிட்ட விட்டுட்டு எட்டு மணி வரைக்கும் நானும் வர்றேன். தண்ணி கேஸ் ஒண்ணு, லபன், ஓஆர்எஸ் நான் எடுத்துட்டு வந்துடறேன். தொப்பி இல்லாம யாரும் வந்தா திருப்பி அனுப்பிடுவேன்.